எழுதும் மாணவர்க்கு உபகாரச் சம்பளம்

விழாக் கொண்டாடும் கல்லூரிகளின் மலர்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். விளையாட்டு வீரர்க்கு ஒரு பக்கம் உண்டு. பரீட்சையில் முதன்மை எய்தியோர்க்கு ஒரு பக்கம் உண்டு. கொடையாளர் படங்களுக்குப் பல பக்கங்கள் உண்டு. கல்லூரியிற் பயிலும் காலத்திலேயே கதையும் கவிதையும் எழுதிய மாணவனுக்கு ஒரு மூலை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், அவன் பிற்காலத்திற் புகழ் எய்தினால் மாத்திரமே கிடைக்கும். இக்குறையைக் குறித்துச் சில கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். எழுத்தாற்றல் உள்ள மாணவர்க்கென்றே ஓர் உபகாரச் சம்பளம் அமைத்தல் என்பது யாது, பிற இடங்களில் அஃது எவ்வாறு நடந்தது, மன்னார்த் தீவிலும் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு அதனை எவ்வாறு பொருத்துவது என்பனவே ஈண்டு விளக்க எடுத்துக்கொண்டவை.

உபகாரச் சம்பளம் என்பது நம் காலத்துச் சொல். இன்றைய மாணவர் புலமைப்பரிசில் என்கின்றனர். சொல் மாறியது நன்றே. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். பழந்தமிழ்ப் புலவன் பாடி முடித்த பின்னர்ப் பரிசில் பெற்றான். உபகாரச் சம்பளம் பெறும் மாணவனோ, இனிப் பாடுவான் என்ற நம்பிக்கையின்மேற் பெறுகின்றான். முன்னது செய்த வேலைக்குக் கூலி, பின்னது விதைநெல். நாம் இங்கே பேசுவது விதைநெல்லைப் பற்றியே.

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலிருந்தே தொடங்குவோம். 1897 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24 ஆம் திகதி, எட்டயபுரத்து மன்னருக்கு ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டது. எழுதியவர் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் அப்போது பயின்ற ஒரு மாணவர். பதினான்கு வயது நிரம்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. விண்ணப்பம் செய்யுளாக இருந்தது. கேட்டது வேறொன்றுமன்று, படிப்பதற்குப் பொருளுதவி. வறுமை கல்வியைத் தடுக்கிறது, கல்வியின்மை வறுமையை வளர்க்கிறது, இவ் வட்டத்திலிருந்து வெளியேற ஒருவர் கைகொடுக்க வேண்டும் என்பதே அச் செய்யுளின் சாரம். அம் மாணவர் சுப்பிரமணிய பாரதி. அவர் எழுதியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றில் மிகப் பழையது இவ் விண்ணப்பமே என்பர். நம் மொழியின் நவீன கவிதை ஓர் உபகாரச் சம்பள விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதில் இந்துக் கல்லூரியொன்றின் பெயர் வருவது நமக்குச் சிறிது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆண்டு பாரதியாரின் தந்தையார் காலமானார். பஞ்சாலை முயற்சியில் அவர் பெரும் பொருளை இழந்திருந்தார். பிள்ளை காசிக்குச் சென்று அத்தையார் வீட்டில் தங்கிப் படிக்கலானார். பிற்காலத்தில், 1910 இல் வெளியான தம் தன்வரலாற்றுப் பாடலில், தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியை மிகக் கசப்போடு நினைவுகூர்ந்தார். தந்தை செலவிட்டது ஒரு கணக்கு, தமக்கு அதனால் விளைந்த தீமை அதனினும் பெரிய கணக்கு என்று வரவு செலவு போட்டுக் காட்டினார். படிக்க உதவி கேட்டுச் செய்யுள் எழுதியவரே படிப்பை அவ்வாறு வைதமைக்குக் காரணம் என்ன? பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்தது ஒன்று; அவருக்கு வேண்டியிருந்தது வேறொன்று. கட்டணத்தைக் கட்டிவிட்டால் எழுத்தாளன் உருவாகிவிடுவான் என்று எண்ணுவோர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் நலம்.

"இலங்கையிற் கல்வி இலவசம் அல்லவா? எட்டயபுரத்து நிலைமை இங்கே ஏது?" என்று வாசகர் வினவலாம். உண்மையே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. சர்வகலாசாலை செல்வோர்க்கு 1981 இல் மகாபொல நிதியம் ஏற்பட்டது. இவை இல்லாவிட்டால் இம் மலரை வாசிப்போரிற் பலர் இன்றைய நிலையில் இருந்திருக்க மாட்டோம். ஆனால் மகாபொல, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து வழங்கப்படுவது. மாணவன் கதை எழுதுவானா என்று கேட்பது அதன் வேலையன்று. அன்றியும், கல்வி இலவசமாயினும் கரையோரக் குடும்பத்தில் மூத்த பிள்ளையின் நேரம் இலவசமன்று. சோளகம் ஓய்ந்து கடல் இறங்கக்கூடிய நாளில், பதினாறு வயதுப் பையன் வகுப்பிலிருந்தால் வள்ளத்தில் ஓர் ஆள் குறைவு. அந்த ஓர் ஆளின் பங்கு வீட்டுக்கு வராது. பள்ளிக்கூடம் கட்டணம் கேட்காவிட்டாலும் வீடு இக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டேயிருக்கிறது.

எம் வகுப்பில் ஒருவர் இருந்தார். தீவின் தென்கரைக் கிராமமொன்றிலிருந்து ஈருருளியில் வருவார். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களைக் காதாற் கேட்டே வளர்ந்தவர்; அவற்றின் தாளத்தில் தாமே புதிய அடிகள் கட்டுவார். அதிபரைப் பற்றி ஒன்று, சிற்றுண்டிச்சாலை வடையைப் பற்றி ஒன்று, இரவில் திரும்பாத வள்ளத்தைப் பற்றி ஒன்று. முதலிரண்டையும் கேட்டுச் சிரித்தோம். மூன்றாவதைக் கேட்டபோது வகுப்பில் எவரும் பேசவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்குச் சில மாதங்களுக்கு முன் அவர் தந்தையார் நோயுற்றார். தமிழாசிரியர் ஒருவர் பெரிதும் முயன்று, உதவி வழங்கும் அறநிலையம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கணிதத்திற் போதிய புள்ளி இல்லை என்ற பதில் வந்தது. அவர்களைக் குறை கூறவில்லை. அவர்களிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றே. நண்பர் படிப்பை விட்டு வாடிக்குப் போனார். போகுமுன் தம் எண்பது பக்கக் கொப்பிகள் இரண்டை எம்மிடம் தந்து சென்றார். அவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இப் பகுதியில் எழுதுவதற்குப் பொருள் இல்லை என்று எவரும் சொல்லார். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பாலாவியின் கரையில் இருக்கிறது. முத்துச் சலாபத்தின் நினைவு சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் உறைந்திருக்கிறது. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே தொடங்கிய கப்பற் போக்குவரத்தினாற் போட் மெயில் என்ற பெயரே ஒரு தலைமுறையின் கனவாயிற்று. 1964 டிசெம்பர்ச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்ததை இக்கரையிலிருந்து அறிந்தோர் இன்னும் நம்மிடையே உளர். பள்ளிமுனைப் பெருக்கமரமும், தெருவில் திரியும் கழுதைகளும், கட்டுக்கரைக் குளத்து வயல்களும் வேறெங்கு ஒருங்கே கிடைக்கும்? சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்து, அதனைக் கொண்டே நாளைய உணவைக் கணிக்கும் மக்களின் பிள்ளைக்குச் சொற்பஞ்சம் ஏது?

கலைமரபும் உண்டு. மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் வழங்கிய கூத்துக்களையும் வாசாப்புக்களையும் அறியாதார் இலர். 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் என்றீக்கு எம்பரதோர், மூவிராசர் முதலிய நாடகங்களைப் பதிப்பித்தார்; மன்னார் நாட்டுப் பாடல்களும் நூலுருப் பெற்றன. ஏட்டிலும் நாவிலும் கிடந்தவை அவ்வாறு பிழைத்தன. அண்மைக் காலத்தில் இக்கரை மக்களின் வாழ்வை எஸ். ஏ. உதயன் நாவல்களாக்கினார், ஒன்றுக்கு வாசாப்பு என்றே பெயரிட்டார். ஆகவே பொருளும் உண்டு, மரபும் உண்டு. பதினாறு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளைக் கடந்து செல்ல ஒரு பாலந்தான் இல்லை.

நம் முன்னோர் இப் பாலத்தை அறியாதவர் அல்லர். 1871 இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்கச் சென்ற உ. வே. சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். ஏழைப் பிள்ளைக்கு உணவுக்கு எங்கே ஏற்பாடு, தங்க எங்கே இடம் என்பனவே முதற் கவலைகளாக இருந்தன. பிற்பாடு திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு வாய்த்தது. சோறும் உறையுளும் ஆசிரியரும் ஒருங்கே கிடைத்தமையாற் பின்னர்ச் சங்க இலக்கியங்கள் அச்சேறின. 1901 இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டித பரீட்சைகளை நடத்தியது. இலங்கையிலிருந்தும் அப் பரீட்சைகளில் தேறினர், விபுலானந்த அடிகளும் அவருள் ஒருவர். இவையெல்லாம் கற்ற புலமைக்குக் கிடைத்த ஆதரவு. இலக்கணம் கற்றவனை அளக்கலாம். சூத்திரம் தெரியுமா தெரியாதா என்று கேட்டால் முடிந்தது. இல்லாத ஒன்றை ஆக்கப் போகிறவனை அளப்பது எங்ஙனம்? ஆக்க இலக்கியத்துக்கு உபகாரச் சம்பளம் என்றவுடன் பலர் தயங்குவது இவ்விடத்திலேதான்.

இன்று பாடசாலைகளில் ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டிகள் நடைபெறுகின்றன. கவிதையாக்கமும் சிறுகதையாக்கமும் அவற்றில் அடங்கும். வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறிப் பரிசு பெறும் பிள்ளைகள் நம் மாவட்டத்திலும் உளர். நல்ல முயற்சி. ஆனால் பரிசளிப்பு மேடையிலிருந்து இறங்கும் பிள்ளை மறுநாள் எவ்வாறு எழுதுவாள், எந்த நூலை வாசிப்பாள், எவரிடம் காட்டித் திருத்துவாள் என்பதற்குச் சான்றிதழ் விடை கூறாது. சட்டமிட்டு மாட்டிய சான்றிதழின் கீழேயிருந்து தையல் தைக்கும் பெண்பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பரிசு ஒரு நாளுக்குரியது; சம்பளம் மாதந்தோறும் வருவது. வேறுபாடு இவ்வளவே, ஆனால் இது சிறிதன்று.

அயல்நாட்டில் இது முறையாக நடந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1905 இற் பட்டம் பெற்ற பழைய மாணவர் ஏவரி ஹொப்வூட் என்பார். நியூயோர்க் நாடக அரங்குகளுக்கு நகைச்சுவை நாடகங்கள் எழுதிப் பெரும் பொருள் ஈட்டினார். 1920 இல் ஒரே காலத்தில் அவருடைய நாடகங்கள் நான்கு மேடையேறிக் கொண்டிருந்தன. 1928 இல் அவர் இறந்தபோது, தம் சொத்தில் ஐந்திலொரு பங்கைத் தாம் படித்த சர்வகலாசாலைக்கு விட்டுச் சென்றிருந்தது தெரியவந்தது. கட்டடத்துக்கன்று, மாணவர் நாடகம், புனைகதை, கவிதை, கட்டுரை எழுதுவதை ஊக்குவிப்பதற்கு. இன்னுமொரு குறிப்பும் அம் மரணசாசனத்தில் இருந்தது: மாணவர்க்கு இயன்ற மட்டும் சுதந்திரம் அளிக்கவேண்டும், புதியதும் வழக்கத்துக்கு மாறானதும் சிறப்பாக ஊக்குவிக்கப்படவேண்டும். வெற்றிகரமான வழக்க நாடகங்களை எழுதிச் செல்வந்தரான ஒருவர், வழக்கத்தை மீறுவோருக்குத் தம் பணத்தை எழுதிவைத்தமை சிந்திக்கத் தக்கது. அவர் நாடகங்களை இன்று நினைப்பவர் மிகச் சிலர்.

1931 முதல் அப் பரிசுகள் வழங்கப்பட்டன. 1934 இல் ஓர் இளைஞர் அச் சர்வகலாசாலைக்கு வந்தார். தந்தையின் ஆடை வணிகம் பொருளாதார வீழ்ச்சியில் அழிந்திருந்தது. மோட்டார் உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் வேலைசெய்து சேர்த்த பணத்தோடு வந்தவர், அங்கும் பாத்திரம் கழுவியும் ஆய்வுகூடத்து எலிகளுக்கு உணவூட்டியும் காலந் தள்ளினார். 1936 வசந்த விடுமுறையில் ஊருக்குப் போகாமல் அறையிலிருந்து சில நாட்களில் ஒரு நாடகம் எழுதினார். அதற்கு 250 டொலர் ஹொப்வூட் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டும் பெற்றார். அவர் பெயர் ஆதர் மில்லர். ஒரு விற்பனையாளனின் மரணத்தை நாடகமாக்கி 1949 இல் உலகப் புகழ் பெற்றவர் அவரே. 250 டொலரா அவரை ஆக்கியது என்று கேட்டால், அன்று. ஆனால் பாத்திரம் கழுவும் இளைஞனிடம், நீ எழுதுகிறவன் என்று ஒரு நிறுவனம் எழுத்து மூலம் சொல்லியது. அப் பருவத்தில் அச் சொல்லுக்கு நிறை அதிகம்.

அங்கே பின்பற்றிய முறையில் இரண்டு செய்திகள் நமக்கு உதவுவன. போட்டியிடுவோர் தம் பெயரை எழுதுவதில்லை. புனைபெயரிலேயே படைப்பை ஒப்படைப்பர். தீர்ப்போரும் சர்வகலாசாலைக்கு வெளியே இருந்து வருவர். மன்னார் போன்ற சிறிய ஊரில், யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்தக் கோயில் என்பதெல்லாம் கையெழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும் இடத்தில், இவ்விரண்டும் அங்கேயிருப்பதினும் பன்மடங்கு அவசியம்.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. ஸ்மித் கல்லூரி என்னும் மகளிர் கல்லூரியின் பழைய மாணவியும் நாவலாசிரியையுமான ஒலிவ் ஹிகின்ஸ் பிரௌட்டி அங்கே ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியிருந்தார். 1950 இல் அதனைப் பெற்றவள் சில்வியா பிளாத். எட்டு வயதிலே தந்தையை இழந்த பெண். தாயார் சுருக்கெழுத்துக் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தவர். நன்றி கூறி அவள் எழுதிய கடிதத்தைக் கண்ட பிரௌட்டி, அவளைத் தேநீருக்கு அழைத்தார். 1953 இல் அப் பெண் மனநோயால் தற்கொலைக்கு முயன்றபோது வைத்திய செலவை ஏற்றவரும் அவரே. அவர் துணை அப்போது காத்தது. ஆனால் சில்வியா பிளாத் 1963 இல், முப்பது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எழுதும் பிள்ளைகளின் மனம் மெல்லியது. அவர்களுக்குக் காசோலை அனுப்பும் சங்கம் அவர்களை ஆண்டில் இருமுறையேனும் நேரிற் கண்டு பேசவும் வேண்டும். போர்க்காலத்தைக் கடந்து வந்த வீடுகளைக் கொண்ட நம் மாவட்டத்தில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் மாணவர் எழுத்து தழைத்த காலம் ஒன்று இருந்தது. பேராதனைச் சர்வகலாசாலைத் தமிழ் மாணவர் 1962 இற் கதைப்பூங்கா என்னும் சிறுகதைத் தொகுதியைத் தாமே வெளியிட்டனர். அடுத்தடுத்து வேறு தொகுதிகளும் வந்தன. செங்கை ஆழியான், செ. யோகநாதன், செ. கதிர்காமநாதன் முதலியோர் அச் சூழலில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு எவரும் எழுதுவதற்குச் சம்பளம் தரவில்லை. ஆனால் விடுதி இருந்தது, நூல்நிலையம் இருந்தது, ஒருவர் கதையை மற்றொருவர் இரவிருந்து கிழித்தெறியும் நட்பு இருந்தது. அம் மூன்றையும் வாய்க்கச் செய்வதே உபகாரச் சம்பளத்தின் நோக்கம் என்று கொண்டால், எவ்வளவு பணம், எதற்குப் பணம் என்ற வினாக்கள் எளிதாகின்றன.

இனி நடைமுறைக்கு வருவோம். தனாதிகாரிகளுக்கு இப் பகுதி பிடிக்கும், மற்றையோர் பொறுத்தருள்க.

ஆண்டுதோறும் பணம் திரட்டிக் கொடுப்பது ஒரு வழி. மூலதனத்தை வைப்பிலிட்டு வட்டியிற் கொடுப்பது மற்றொரு வழி. முன்னது எளிது, ஆனால் காரியதரிசி மாறினால் நின்றுவிடும். இரண்டாம் ஆண்டிற் பணம் வராது போனால், படிப்பை விடாதே என்று சொல்லி நிறுத்திய பிள்ளையை நடுக்கடலில் இறக்கியவராவோம். ஆகவே மூலதனமே தக்கது. கணக்குக்காக 20 இலட்சம் ரூபா எனக் கொள்வோம். வட்டி நூற்றுக்கு 8 எனக் கொள்வோம். ஆண்டுக்கு 160,000 ரூபா வரும். அதனை முழுதும் செலவிடலாகாது. நான்கிலொரு பங்கை, அதாவது 40,000 ரூபாவை, மூலதனத்தோடு மீண்டும் சேர்க்க வேண்டும். எஞ்சிய 120,000 ரூபா ஒரு மாணவனுக்கு மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு ஆகும்.

ஏன் சேர்க்கவேண்டும் என்று கேட்போர் 2022 ஐ மறந்துவிட்டனர். அவ் வாண்டு செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தது. 10,000 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு 17,000 வேண்டியதாயிற்று. டொலரின் விலையோ சில மாதங்களில் 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்குச் சென்றது. பழைய நிதிகள் பல பெயரளவில் நிலைத்து, பயனளவிற் கரைந்தன. தாத்தா பெயரில் ஐயாயிரம் ரூபா வைப்பிலிட்டு, அதன் வட்டியில் இன்று ஒரு பேனா மாத்திரம் வாங்கக்கூடிய பரிசில்கள் எத்தனை! வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் இங்கே ஓர் உதவி செய்யலாம். தம் பங்கின் ஒரு பகுதியை அந்நாட்டு நாணயத்திலேயே தனி வைப்பாக விட்டுவைத்தால், ரூபா சரியும் ஆண்டில் நிதி சரியாது.

பணம் எதற்கு? கட்டணத்துக்கன்று என்பதை மேலே கண்டோம். பாதிப் பணம் வீட்டுக்குச் செல்லவேண்டும். இதைக் கேட்டுச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆனால் வள்ளத்தில் குறைந்த ஆளின் பங்கை ஈடுசெய்யாவிட்டால் எந்தத் தாயும் பிள்ளையை எழுத விடமாட்டாள்; விட முடியாது. மறுபாதி நூல்களுக்கும் பயணத்துக்கும். 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணம் அணித்தாயிற்று. ஆயினும் ஒரு நூல் வெளியீட்டுக்குச் சென்று திரும்பும் பஸ் கட்டணம் கூலி வீட்டுக்குப் பெரிதே.

தெரிவு செய்வது எவ்வாறு? ஒரு கவிதையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஓராண்டில் எழுதிய நான்கைந்து ஆக்கங்களைக் கோப்பாகக் கேட்கவேண்டும். அவற்றுள் ஒன்றேனும் உரைநடையாக இருத்தல் வேண்டும். கணினியே கவிதை எழுதித் தரும் இக்காலத்தில் கோப்பு மட்டும் போதாது. ஆகையால் ஒரு நாள், கல்லூரி மண்டபத்தில், காகிதமும் பேனாவும் கொடுத்து அரை நாள் எழுதவிட வேண்டும். தலைப்புக்கள் பெரிய தத்துவங்களாக இருக்கவேண்டாம். "எங்கள் கிணறு", "வலை பொத்தும் மாலை", "பஸ் வராத நாள்" போன்றவை போதும். உண்மையாகக் கண்டவன் எழுதுவான். காணாதவன் உவமைகளை அடுக்குவான். தீர்ப்போர் மூவருள் இருவரேனும் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். ஒரு பிள்ளையின் வாக்கியத்தில் எழுத்துப் பிழை இருந்தால், அதனைத் திருத்தும் ஆசிரியர் நம்மிடம் உளர். உயிரற்ற வாக்கியத்துக்கு உயிர் கொடுக்கும் ஆசிரியர் எங்கும் இலர். வட்டாரச் சொல்லைக் கண்டு புள்ளி குறைப்போரைத் தீர்ப்பாளராக அழைக்கலாகாது.

இந்துக் கல்லூரியின் நிதி எனினும் இது மாவட்டத்துப் பிள்ளைகள் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. இதில் நம்மவருள் ஒருமித்த கருத்தில்லை என்பதையும் அறிவோம். நாம் மேலே பெருமையோடு கூறிய கூத்துமரபு கத்தோலிக்க ஊர்களுடையது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இருக்கும் கதை வேறெவரிடமும் இல்லை. மலையகத்திலிருந்து வந்து பெருநிலத்திற் குடியேறியோரின் பிள்ளைகளும் அவ்வாறே. இவர்களை விலக்கி ஒரு மன்னார் இலக்கியம் எழுதப்படுமாயின் அது பாதி மன்னாராகவே இருக்கும்.

நிபந்தனைகள் சிலவே போதும். எதைப் பற்றி எழுதவேண்டும் என்று சொல்லலாகாது. ஆண்டுக்கொரு நூல் வேண்டும் என்று நெருக்கவும் கூடாது. சில விதைகள் இரண்டு மாரி காணாமல் முளைப்பதில்லை. கொடையாளரைப் பாடக்கூடாது என்பது எழுத்திலிருக்கட்டும். பாரதியாரே 1919 இற் கடையத்திலிருந்து எட்டயபுரம் மன்னருக்கு மீண்டும் சீட்டுக்கவி எழுத நேர்ந்தது என்பதை நினைத்தால், ஒரு கவிஞனை அந்நிலைக்குத் தள்ளாதிருப்பதே பெருங்கொடை. பரிசளிப்பு விழா வரவேற்புப் பாவை எழுதும் வேலையை இப் பிள்ளையின் தலையிற் சுமத்துவதையும் தடுக்க வேண்டும். கல்வி அமைச்சர் வந்தாலும் விலக்கு இல்லை.

கடைசியாக, எழுதியவை என்ன ஆகும் என்ற வினா. மிச்சிகனில் பரிசு பெற்ற கையெழுத்துப் படிகளைக் கட்டிப் பேணி வைக்கின்றனர். மில்லர் மாணவராக எழுதிய நாடகத்தை இன்றும் அங்கே காணலாம். நம் நூல்நிலையத்திலும் ஓர் அலுமாரி வேண்டும். எம் வகுப்பு நண்பர் தந்த கொப்பிகள் இரண்டும் எம் வீட்டுத் தகரப் பெட்டியிற் பல ஆண்டுகள் இருந்தன. 1990 இல் வீட்டை விட்டு வெளியேறியபோது பத்திரங்களையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்தோம். அக் கொப்பிகளை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. திரும்பாத வள்ளத்தைப் பற்றிய பாட்டில் முதல் மூன்று அடிகள் மட்டும் எமக்கு நினைவிலிருக்கின்றன. நண்பரைக் கேட்டோம்; தாம் அப்படியொன்று எழுதியதே நினைவில்லை என்று சிரித்தார். ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கல்லூரி அலுமாரியிலும் மற்றொன்றைத் தீவுக்கு வெளியே வேறோர் ஊரிலும் வைத்தல் வேண்டும் என்ற விதியையும் நிதியின் யாப்பிற் சேர்க்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.